எல்க் சிட்டி கூட்டுறவு மருத்துவமனை: டாக்டர் மைக்கேல் ஷதீதின் கணக்கு எங்கே நின்றது, எங்கே இடறியது?

நூலகவாசி (இழையைத் தொடங்கியவர்)

மைக்கேல் ஷதீதைப் பற்றித் தமிழில் கிடைப்பதெல்லாம் இரண்டு பத்திதான். லெபனானில் பிறந்தார், அமெரிக்காவில் ஊர் ஊராகச் சாமான் விற்றார், டாக்டரானார், ஏழை விவசாயிகளுக்கு மருத்துவமனை கட்டினார், அவ்வளவுதான். "ஏழைப் பங்காளர்" என்று சொல்லி முடித்துவிட்டால் அவர் செய்த வேலையே மறைந்துபோகும். அவர் இலவச வைத்தியம் பார்த்தவர் அல்ல. நோயாளிகளே முதலாளிகளாக இருக்கும் மருத்துவமனை ஒன்றுக்குச் சட்டதிட்டம் வகுத்து, அதை நடத்தியும் காட்டினார். அந்த வகையில் அமெரிக்காவின் முதல் மருத்துவமனையாகச் சொல்லப்படுவது ஓக்லஹோமாவின் மேற்கே எல்க் சிட்டியில் இருந்த அதுதான்.

எலும்புக்கூட்டை மட்டும் வைக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் சதை வைக்கட்டும்.

1882-இல் ஜுதைதத் மர்ஜயூனில் பிறப்பு. 1898-இல், 16 வயதில், அமெரிக்கா. நகை விற்றுச் சேர்த்த பணத்தில் படிப்பு. 1907-இல் செயின்ட் லூயிஸில் வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவப் பட்டம். பிறகு ஓக்லஹோமாவின் சிற்றூர்களில் வைத்தியம். 1923 முதல் எல்க் சிட்டி. 1929-இல் கூட்டுறவுத் திட்டம். 1931-இல் மருத்துவமனை திறப்பு. 1966-இல் மறைவு.

முதல் கேள்வி: நகை விற்ற ஆண்டுகளுக்கும் மருத்துவமனைத் திட்டத்துக்கும் தொடர்பு உண்டா, இல்லை நாமாக முடிச்சுப் போடுகிறோமா?

லெவண்ட்

தொடர்புக்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம். அவர் கப்பலேறியபோது "லெபனான்" என்ற நாடு கிடையாது. மர்ஜயூன் அப்போது உதுமானிய ஆட்சியில் பெய்ரூட் மாகாணத்தில் இருந்தது. தன்னாட்சி பெற்ற மலைலெபனான் பகுதிக்குள்கூட அது வரவில்லை. 1920-இல் பிரெஞ்சுக்காரர்கள் பெரிய லெபனானை அறிவித்தபோதுதான் அந்த ஊர் லெபனானுக்குள் வந்தது. அமெரிக்கக் குடியேற்றப் பதிவேடுகள் 1899-இல்தான் "சிரியர்" என்று தனிப்பிரிவு வைத்தன. அதற்கு முன் வந்தவர்களுக்கு "ஆசியத் துருக்கி" என்று எழுதினார்கள். பழைய ஆவணங்களில் ஷதீத் சிரியராகவே வருவதற்குக் காரணம் இதுதான். தேடுபவர்கள் இரண்டு பெயரிலும் தேடுங்கள்.

அடுத்து தொழில். அன்று அந்த மலைப்பகுதியிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் முதலில் பிடித்தது சுமை வியாபாரம். முதுகில் தூக்கும் பெட்டிக்கு அவர்களுக்குள் "கஷ்ஷா" என்று பேர். அதில் ஊசி, நூல், பொத்தான், லேஸ், சீப்பு, கண்ணாடி, ஜெபமாலை, புனித பூமியிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒலிவ மரச் சிலுவை. சரக்கு கொடுப்பவர் அதே ஊர்க்காரராக இருப்பார். முன்பணம் கேட்க மாட்டார். விற்றுவிட்டு வந்து கணக்கை முடித்தால் அடுத்த சுமை. ஊரும் உறவும்தான் ஜாமீன். ஏமாற்றினால் சேதி மர்ஜயூனுக்கே போய்ச் சேரும்.

கேள்வியன்

ஐயா, எல்லாரும் ஊசி நூல் விற்கும்போது இவர் ஏன் நகைக்குப் போனார்? நகைக்கு முதல் அதிகம் வேண்டாமா?

லெவண்ட்

தங்கம் என்று நினைக்காதீர்கள் நண்பரே. முலாம் பூசிய மோதிரம், புரோச், கடிகாரச் சங்கிலி. துணிச்சுமை தூக்குபவர் ஒரு நாளில் நடக்கிற தூரத்துக்கு எல்லை உண்டு. நகை கைப்பெட்டிக்குள் அடங்கும். எடை குறைவு, லாப விகிதம் கூடுதல், ரயிலில் ஏறி இறங்கலாம்.

இதில் எது கெடும் என்றால், முலாம். சில மாதங்களில் நிறம் போகும். தங்கம் என்று சொல்லி விற்றவர் அந்தப் பாதையில் இரண்டாம் முறை போக முடியாது. முலாம் என்று சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றவர் அடுத்த ஆண்டும் அதே வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம். இன்னொரு தொல்லை உரிமம். கவுண்டிக்குக் கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) வியாபார உரிமக் கட்டணம் மாறும். வாங்காமல் பிடிபட்டால் அபராதத்தில் ஒரு வார லாபமே போய்விடும்.

இந்தத் தொழிலுக்கு ஆயுள் குறைவு என்பதும் அப்போதே தெரிந்துகொண்டிருந்தது. கிராம வீட்டு வாசலுக்கே இலவசமாகத் தபால் கொண்டுபோகும் ஏற்பாடு 1896-இல் சோதனையாகத் தொடங்கி 1902-இல் நிரந்தரமானது. 1913-இல் பார்சல் தபால் வந்தது. பட்டியலைப் பார்த்துத் தபாலில் பொருள் வாங்கலாம் என்றானபின் சுமை வியாபாரியின் தேவை சுருங்கிவிட்டது. அந்தப் பத்து, பதினைந்து ஆண்டுகளுக்குள் கடைக்காரராக மாறியவர்கள், படிப்புக்குப் போனவர்கள் தப்பித்தார்கள்.

நூலகவாசி கேட்டதற்கு என் பதில்: தொடர்பு உண்டு. விவசாயி கையில் எந்த மாதம் ரொக்கம் இருக்கும், எந்த மாதம் இருக்காது என்பது சுமை வியாபாரிக்கு மனப்பாடம். அது தெரியாதவரால் எல்க் சிட்டித் திட்டத்தை நினைத்திருக்கவே முடியாது.

பஞ்சுக்கணக்கு

லெவண்ட் சொன்னதை ஓரளவுக்குத்தான் ஏற்பேன். மர்ஜயூன்காரர்கள் ஆயிரக்கணக்கில் சுமை தூக்கினார்கள், மருத்துவமனை கட்டியது ஒருவர். விவசாயி கையிருப்பு பற்றிய அறிவு அவருக்கு வந்ததில் பெரும்பங்கு 1907-க்குப் பிறகு கிராம டாக்டராக வராத பாக்கிகளை எழுதிவைத்த ஆண்டுகளுக்கு என்பது என் கருத்து.

அந்தக் கையிருப்பை எண்ணாகவே பார்த்துவிடலாம். மேற்கு ஓக்லஹோமா பருத்தி பூமி. மருத்துவமனையில் உறுப்பினராகும் குடும்பம் வாங்க வேண்டிய பங்கு ஒன்று 50 டாலர். 1929-இல் அமெரிக்க விவசாயிக்குப் பருத்திக்குக் கிடைத்த சராசரி விலை பவுண்டுக்குச் சுமார் 16.8 சென்ட். அப்படியானால் ஒரு பங்கு சுமார் 300 பவுண்டு பஞ்சு. 500 பவுண்டு பேல் (பஞ்சுப் பொதி) ஒன்றை விற்றால் 84 டாலர். பங்கு வாங்கியபின்னும் கையில் மிஞ்சும்.

1931-இல் அதே பஞ்சு 5.7 சென்ட்டுக்கும் கீழே. பேல் 28 டாலர் சொச்சம். இப்போது அதே 50 டாலர் பங்குக்கு 880 பவுண்டு, ஏறத்தாழ இரண்டு பேல் பஞ்சு வேண்டும். பங்கு விலை மாறவில்லை, ஆனால் விவசாயியின் கணக்கில் அது மூன்று மடங்காகிவிட்டது.

திட்டம் போட்டது முதல் விலையில், கட்டி முடித்தது இரண்டாம் விலையில். கட்டடத்துக்கு நடுவில் பணம் முடை வந்ததற்கும், ஓக்லஹோமா விவசாயிகள் சங்கத்தின் துணை தேவைப்பட்டதற்கும் வேறு காரணம் தேட வேண்டாம்.

சாசனம்

பஞ்சுக்கணக்குக்கு நன்றி. இதைப் பேசும் பலர் பங்கையும் சந்தாவையும் போட்டுக் குழப்புகிறார்கள். பிரித்துச் சொல்கிறேன்.

பங்கு 50 டாலர், ஒரே தடவை. அது கட்டடம், அறுவை அரங்கு, எக்ஸ்ரே, கட்டில் ஆகியவற்றுக்கான முதல். 2,000 குடும்பம் சேர்ந்தால் 1,00,000 டாலர். இந்தப் பணத்திலிருந்து சம்பளம் கொடுக்கக் கூடாது.

சந்தா ஆண்டுக்கு ஆண்டு. பெரிய குடும்பத்துக்கு 25 டாலர், சிறிய குடும்பத்துக்கு அதைவிடக் குறைவு. இது டாக்டர் சம்பளம், செவிலியர் சம்பளம், அன்றாடச் செலவுக்கு.

தொடக்கத்திலேயே சந்தா இல்லை என்பதையும் கவனியுங்கள். முதலில் பங்குதாரருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி என்றுதான் ஓடியது. தள்ளுபடி என்றாலும் நோய் வந்த அன்று பணம் வேண்டும். விலை வீழ்ந்த ஆண்டுகளில் அந்தத் தள்ளுபடிப் பணமும் விவசாயியிடம் இல்லை. முன்கட்டணச் சந்தா அந்த நெருக்கடியில் பிறந்த திருத்தம். இந்தத் திருத்தம்தான் எல்க் சிட்டியை மற்ற தள்ளுபடி வைத்தியசாலைகளிலிருந்து வேறாக்கியது.

நிர்வாகம், இங்கிலாந்தின் ராச்டேல் ஊரில் கூட்டுறவுக் கடை தொடங்கிய நெசவாளர்கள் 1844-இல் வகுத்த வழி. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. உறுப்பினர் பேரவை நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழுவின் கையில் பணம், கட்டடம், வேலைக்கு ஆள். வைத்தியம் டாக்டர்கள் கையில், அதில் குழு தலையிடாது. இந்த எல்லைக்கோடு துணைவிதியில் தெளிவாக இல்லாத கூட்டுறவு மருத்துவமனை எங்கேயும் நீடிக்காது. "என் பங்குக் காசில் சம்பளம் வாங்குகிறவர் எனக்கு ஏன் ஊசி போட மறுக்கிறார்" என்று உறுப்பினர் கேட்கத் தொடங்கினால் டாக்டர் மூட்டையைக் கட்டிவிடுவார்.

கேள்வியன்

25 டாலரில் ஒரு குடும்பத்துக்கு வருடம் முழுக்க வைத்தியம் என்பது நம்பவே கடினமாக இருக்கிறது. இது இப்போதைய காப்பீடு போலத்தானே? உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் சேர்ந்தால் என்ன ஆகும்?

வார்டு எண் 7

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். முன்கட்டணத் திட்டங்கள் சாவது இந்த இடத்தில்தான்.

சேர்க்கை திறந்திருந்தால் முதலில் ஓடிவருபவர் ஏற்கெனவே குடலிறக்கமும் பித்தப்பைக் கல்லும் உள்ளவர். திடகாத்திரமானவர் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார். செலவு ஏறும், சந்தாவை உயர்த்த வேண்டிவரும், உயர்த்தினால் ஆரோக்கியமானவர் விலகுவார், மறுபடி செலவு ஏறும். இந்தச் சுழலை அறுக்க மூன்று பிடி உண்டு. ஒன்று, தனி ஆளாக அல்லாமல் குடும்பமாகச் சேர்ப்பது. நோயாளித் தாயோடு நான்கு ஆரோக்கியமான பிள்ளைகளும் கணக்கில் வருவார்கள். இரண்டு, முன்கூட்டிப் பங்குப் பணம். 50 டாலர் போட்டவர் ஒரு வருடம் நோய் வரவில்லை என்பதற்காக விலக மாட்டார். எல்க் சிட்டிப் பங்கு கட்டட நிதி மட்டுமல்ல, உறுப்பினரைப் பிடித்து வைக்கும் நங்கூரமும்தான். மூன்று, காத்திருப்புக் காலமும் முன்னோய் விலக்கும். இது கசப்பானது, ஆனால் தொடக்க ஆண்டுகளில் தவிர்ப்பது கடினம்.

25 டாலர் எப்படிக் கட்டுபடியாகும் என்பதற்கு வேறொரு பதில். 2,000 குடும்பம் தலைக்கு 25 கட்டினால் ஆண்டுக்கு 50,000 டாலர். இது விளக்கத்துக்கான பெருக்கல், அவர்களுடைய பேரேட்டு எண் அல்ல. அன்றைய விலைவாசியில் நான்கைந்து டாக்டர்களும் செவிலியரும் கொண்ட சிறு மருத்துவமனையை ஓட்ட அது போதாத தொகை அல்ல. ஆனால் டாக்டர்கள் சம்பளத்தில் இருக்க வேண்டும், தலைக்கு இவ்வளவு அறுவைக்கு இவ்வளவு என்று வாங்கக் கூடாது.

ஷதீத் மிகக் கடுமையாக எதிர்த்தது இதைத்தான். அன்று கிராமப்புறங்களில் கட்டணப் பங்கீடு பரவியிருந்தது. நோயாளியை அறுவை மருத்துவரிடம் அனுப்பும் டாக்டருக்கு அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கு ரகசியமாகத் திரும்பி வரும். நாம் இங்கே "கமிஷன்" என்று சொல்கிறோமே, அதுதான். தேவையில்லாத அறுவைகள் அதிலிருந்து பிறந்தன. 1913-இல் தொடங்கிய அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி, உறுப்பினர்களிடம் பங்கீடு செய்ய மாட்டேன் என்று உறுதிமொழியே வாங்கியது. உறுதிமொழி போதாது, பணம் வரும் வழியையே மாற்ற வேண்டும் என்பது ஷதீதின் நிலை. மாதச் சம்பள டாக்டருக்குத் தேவையற்ற டான்சிலை அறுப்பதால் ஒரு சென்ட்டும் கூடுதலாக வராது.

எதிர்ப்பக்க ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். அதே டாக்டருக்குத் தேவையான அறுவையைச் செய்வதாலும் ஒன்றும் கூடுதலாக வராது. அதனால் இந்த அமைப்பில் ஒரே கூரையின்கீழ் பல டாக்டர்கள் இருந்து ஒருவர் பதிவேட்டை இன்னொருவர் பார்ப்பது அலங்காரம் அல்ல, கட்டாயம்.

நூலகவாசி

1929 என்ற ஆண்டைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். அந்த ஒரே ஆண்டில் மூன்று இடத்தில் மூன்று விதமாக முன்கட்டணம் தொடங்கியது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஷதீதின் தனித்தன்மை தெரியும்.

டல்லஸில் பெய்லர் மருத்துவமனை பள்ளி ஆசிரியர்களிடம் மாதம் 50 சென்ட் வாங்கியது. ஆண்டுக்கு 21 நாள் வரை படுக்கை. டாக்டர் கட்டணம் சேராது. திட்டம் வகுத்தவர் ஜஸ்டின் கிம்பல். புளூ கிராஸ் என்ற மருத்துவக் காப்பீட்டுப் பெருமரத்தின் விதை இது. லாஸ் ஏஞ்சலஸில் டொனால்ட் ராஸ், கிளிஃபர்ட் லூஸ் என்ற இரு டாக்டர்கள் நகர நீர், மின் துறை ஊழியர்களோடு ஒப்பந்தம் செய்தார்கள். அங்கே டாக்டர் உண்டு, ஆனால் நிறுவனம் டாக்டர்களுடையது. மூன்றாவது எல்க் சிட்டி. டாக்டரும் உண்டு, படுக்கையும் உண்டு, உடைமை நோயாளியுடையது.

நான்காவதாக 1933-இல் சிட்னி கார்ஃபீல்ட். கலிஃபோர்னியப் பாலைவனத்தில் நீர்க்கால்வாய் வெட்டிய தொழிலாளிக்கு நாளுக்கு 5 சென்ட். பிற்காலத்தில் கைசர் பர்மனன்டே என்ற பெரிய மருத்துவ அமைப்பு ஆனது இந்த வேர்தான்.

பெய்லருக்கும் கார்ஃபீல்டுக்கும் இருந்து ஷதீதுக்கு இல்லாத வசதி சம்பளப் பிடித்தம். ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வரும், கணக்காளர் கழித்துக்கொள்வார். பருத்தி விவசாயிக்கு வருடத்துக்கு ஒருமுறை, பஞ்சு அரைத்து விற்றபின்தான் ரொக்கம். அந்த வாரத்தில் வாங்காத சந்தா அடுத்த அறுவடை வரை நிலுவைதான்.

பஞ்சுக்கணக்கு

"முதல்" என்ற பட்டத்துக்கு அதனால்தான் அடைமொழி வேண்டும். முன்கட்டணத்தில் முதல் என்றால் வழக்கு வரும். நோயாளிகளுக்கே சொந்தமான கூட்டுறவு மருத்துவமனையில் முதல் என்றால் நிற்கும்.

சாசனம்

இப்போது டாக்டர் சங்கத்துக்கு வருவோம். இதன் இயக்கமுறையை யாரும் விளக்குவதில்லை, "எதிர்த்தார்கள்" என்று ஒரே சொல்லில் போய்விடுகிறார்கள்.

ஷதீத், எல்க் சிட்டி இருக்கும் பெக்கம் கவுண்டியின் மருத்துவச் சங்கத்தில் உறுப்பினர். அவரை நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், விசாரணை வேண்டும், மாநிலச் சங்கத்துக்கு மேல்முறையீடு உண்டு. அத்தனையும் தவிர்க்க ஒரு வழி கண்டார்கள். சங்கத்தையே கலைத்தார்கள். சில மாதம் கழித்து அவரை விட்டுவிட்டு மறுபடி கூட்டினார்கள். யாரும் அவரை "நீக்கவில்லை", ஆகவே மேல்முறையீடு செய்ய எதுவுமில்லை.

சங்கத்தில் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று தோன்றலாம். அடுக்கிப் பாருங்கள். தொழில்பிழைக் காப்பீடு சங்கம் வழியாகத்தான் கிடைக்கும். அது போனால் ஒரு வழக்கில் வீடு போகும். சங்க டாக்டர்கள் அவரோடு சேர்ந்து நோயாளியைப் பார்க்க மாட்டார்கள். 1934-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், பயிற்சி மருத்துவர்களை வைத்துக்கொள்ள அங்கீகாரம் கேட்கும் மருத்துவமனைகள் உள்ளூர்ச் சங்க உறுப்பினர்களை மட்டுமே பணியில் வைக்கலாம் என்று தீர்மானம் போட்டது. எந்த இளம் டாக்டர் இப்படி முத்திரை விழுந்த இடத்துக்கு வேலைக்கு வருவார்?

வெளிமாநிலத்திலிருந்து வரத் துணிந்தவருக்கும் உரிமம் தர வேண்டியது மாநில உரிம வாரியம். வாரியத்தில் உட்கார்ந்திருப்பது டாக்டர்கள். அங்கே விண்ணப்பம் உறங்கும். ஷதீதின் சொந்த உரிமத்தையே பறிக்கவும் முயன்றார்கள். நோயாளிகளை வலை வீசிப் பிடிக்கிறார் என்பது சாட்டு. முகவர்கள் வீடு வீடாகப் பங்கு விற்றதைத்தான் அப்படிச் சொன்னார்கள்.

அவரைக் காப்பாற்றியது விவசாயிகளின் எண்ணிக்கை. வாக்குச்சீட்டு வைத்திருக்கும் ஆயிரக்கணக்கானவர்களின் சொந்த மருத்துவமனை அது. ஆளுநராக இருந்த வில்லியம் மரே விவசாயிகள் பக்கம் நின்றார். தனியார் மருத்துவமனை ஒன்றை நடத்திய டாக்டராக மட்டும் இருந்திருந்தால் இந்த அணிவகுப்பு அவருக்குப் பின்னால் வந்திருக்காது.

கேள்வியன்

எதிர்த்த டாக்டர்கள் பக்கம் நியாயமே இல்லையா? எல்லாரும் பொறாமையில் செய்தார்கள் என்று முடித்துவிடலாமா?

வார்டு எண் 7

முடிக்கக் கூடாது. ஒப்பந்த வைத்தியத்தின் மீது அவர்களுக்கு இருந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. சுரங்க, மரவெட்டுக் கம்பெனிகள் தொழிலாளி கூலியில் மாதாமாதம் பிடித்து, யார் குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்கிறாரோ அந்த டாக்டருக்கு ஒப்பந்தம் கொடுத்தன. டாக்டர் ஆயிரம் பேரைப் பார்க்க வேண்டும், மருந்து கையிருப்பு இல்லை, விபத்துச் சான்று எழுதும்போது கம்பெனியின் முகம் பார்க்க வேண்டும். "நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் மூன்றாம் ஆள் கூடாது" என்ற 1934 நெறிக்கு அந்த அனுபவம் ஒரு வேர்.

ஆனால் எல்க் சிட்டியில் மூன்றாம் ஆள் யார்? கம்பெனி இல்லை. பணம் கட்டுபவரே நோயாளி, நோயாளியே உடைமையாளர். அந்த வேறுபாட்டைப் பார்க்க மறுத்ததுதான் தவறு. 1932-இல் ரே லைமன் வில்பர் தலைமையிலான மருத்துவச் செலவுக் குழு, ஐந்து ஆண்டு ஆய்வுக்குப் பின், டாக்டர்கள் குழுவாகப் பணி செய்வதையும் மக்கள் குழுவாகப் பணம் கட்டுவதையும் பரிந்துரைத்தது. வில்பரே ஒரு டாக்டர், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முன்னாள் தலைவர். அப்படிப்பட்டவர் கையெழுத்திட்ட அறிக்கையையும் சங்கத்தின் இதழ் வன்மையாகத் தாக்கியது. ஆகவே எல்க் சிட்டிப் பகை ஊர்ப்பகை மட்டும் அல்ல.

லெவண்ட்

ஊர்ப்பகையும் இருந்தது. அவர் வெளிநாட்டவர் என்பது எதிராளிகளுக்குக் கைக்கு எட்டிய ஆயுதம். காலத்தைப் பாருங்கள். சிரியர்கள் குடியுரிமைக்குத் தகுதியான "வெள்ளையரா" என்பது நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் இழுபட்டு, 1915-இல் ஜார்ஜ் டவ் வழக்கின் மேல்முறையீட்டில்தான் ஆம் என்று தீர்ந்தது. 1923-இல் பகத்சிங் திண்ட் வழக்கில் இந்தியர்களுக்கு உச்ச நீதிமன்றம் இல்லை என்றது. அதே 1923-இல் ஓக்லஹோமாவில் கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தின் அட்டகாசத்தைக் காரணம் காட்டி ஆளுநர் வால்டன் மாநிலம் முழுக்க ராணுவச் சட்டம் போட்டார். அந்த ஆண்டில் அரபுப் பெயரோடு எல்க் சிட்டிக்கு வந்து குடியேறினார் ஷதீத். கூடவே அவர் சோஷலிசக் கருத்தாளர், அதை மறைத்தவரும் அல்ல. இவ்வளவையும் தாண்டி, பிராட்டஸ்டன்ட் பருத்தி விவசாயிகள் ஒரு டாலர் இரண்டு டாலரல்ல, 50 டாலரை நம்பிக் கொடுத்தார்கள் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

சாசனம்

சட்ட முடிவுகளையும் சேர்த்து இழையில் பதிந்துவிடுவோம்.

தலைநகர் வாஷிங்டனில் அரசு ஊழியர்கள் தொடங்கிய குழு மருத்துவச் சங்கத்தை முடக்க முயன்றதற்காக அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் மீது 1938-இல், வணிகப் போட்டியை முடக்குவதைத் தடுக்கும் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டது. 1943-இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதிசெய்தது. டாக்டர் தொழிலே அந்தச் சட்டத்தின்கீழ் வருமா என்பதை நீதிமன்றம் தீர்க்கவில்லை; ஆனால் குழு மருத்துவச் சங்கம் நடத்தியது வணிகம், அதை முடக்கக் கூடிச் செயல்பட்டது குற்றம் என்றது.

1945-இல் ஷதீத் சியாட்டில் போய்ப் பேசினார். அந்தப் பேச்சுக்குப் பின் அதே ஆண்டில் குரூப் ஹெல்த் கூட்டுறவு பதிவானது. தொடக்கக் குடும்பங்கள் தலைக்கு 100 டாலர் போட்டன. 1947-இல் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த ஒரு கிளினிக்கை டாக்டர்களோடு சேர்த்து வாங்கிப் பணியைத் தொடங்கினார்கள். எல்க் சிட்டிபோல வெறும் நிலத்திலிருந்து கட்டவில்லை, கட்டடமும் ஆட்களும் முதல் நாளே தயார். கிங் கவுண்டி மருத்துவச் சங்கம் அதே விலக்கல் உத்தியைக் கையாண்டது. இவர்கள் வழக்குப் போட்டு 1951-இல் வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள். 2017-இல் கைசர் பர்மனன்டேயோடு சேரும்வரை அந்தக் கூட்டுறவு நின்றது.

எல்க் சிட்டியில் தனி ஆளாகத் தாங்கிய அடியைச் சியாட்டிலில் ஒரு அமைப்பு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது.

பஞ்சுக்கணக்கு

பலவீனங்களையும் எழுதாவிட்டால் இழை முழுமையாகாது.

முதல் பலவீனம், ஒரே ஆளின் மேல் பாரம். யோசனை அவருடையது, அறுவை அவருடையது, பேச்சு அவருடையது, வழக்கும் அவர் மேல். புதிய டாக்டர்கள் வர முடியாமல் உரிம வாரியம் அடைத்த ஆண்டுகளில் இது இன்னும் கூடியது.

இரண்டாவது, உறுப்பினர் எல்லாரும் ஒரே பயிரை நம்பியவர்கள். காப்பீட்டில் நட்டம் பரவலாக வேண்டும். இங்கே விலை வீழ்ந்தால் எல்லாருக்கும் ஒரே நாளில் வீழும். 1930களின் வறட்சியும் புழுதிப்புயலும் அந்தப் பக்கத்தையே அடித்தன. நிலத்தை விட்டு மேற்கே போனவர்கள் பலர். போனவர் சந்தா கட்ட மாட்டார், ஆனால் அவர் பங்குப் பணம் கட்டடத்துக்குள் இருக்கிறது.

கேள்வியன்

கடைசியாகச் சொன்ன அதைத்தான் கேட்க நினைத்தேன். ஊரை விட்டுப் போகிறவருக்கு 50 டாலர் திரும்பக் கிடைக்குமா? இன்று இப்படி ஒன்றுக்குத் துணைவிதி எழுதுபவர்கள் அதை எப்படி வைக்க வேண்டும்?

சாசனம்

எல்க் சிட்டியின் துணைவிதி வாசகத்தை மேற்கோளாகச் சொல்ல மாட்டேன். கூட்டுறவு மருத்துவமனைக்குப் பொதுவாகச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கேட்டவுடன் பங்கைத் திருப்பித் தருவோம் என்று எழுதாதீர்கள். அது வங்கி வைப்பு அல்ல, எக்ஸ்ரே இயந்திரமாகவும் சுவராகவும் மாறிய பணம். ஒரு வறட்சியில் 200 பேர் சேர்ந்து கேட்டால் மருத்துவமனையைப் பூட்ட வேண்டியதுதான். மாற்றித் தரலாம் என்று எழுதுங்கள்: விலகுபவர் தன் பங்கை அதே முகவிலைக்கு, அதாவது பங்கில் குறித்த விலைக்கே, புதிய குடும்பத்துக்கு மாற்றலாம், நிர்வாகக் குழு ஒப்புதலோடு. முகவிலைக்கு மேல் விற்கத் தடை, இல்லாவிட்டால் பங்கு சூதாட்டமாகும். மாற்ற ஆள் கிடைக்காவிட்டால் சங்கமே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அதற்கென ஆண்டு உபரியில் ஒதுக்கிய தனி நிதியிலிருந்து மட்டும், விண்ணப்பித்த வரிசைப்படி. இறந்தவரின் பங்கு வரிசையில் முன்னால் வரட்டும், விதவைக்கு அந்த 50 டாலர் அந்த மாதமே தேவைப்படும்.

வார்டு எண் 7

இதோடு ஒன்று. சந்தா தவறியவரை உடனே நீக்காதீர்கள், அறுவடைக்கு அப்புறம் 60 நாள் அவகாசம் எழுதிவையுங்கள். அவகாசத்துக்குள் வரும் பிரசவத்தையும் விபத்தையும் பார்த்தே ஆக வேண்டும், நிலுவையைப் பேரேட்டில் தனிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். திட்டமிட்ட அறுவையை மட்டும் நிலுவை தீரும்வரை தள்ளிவைக்கலாம். எது அவசரம் என்று தீர்மானிப்பது டாக்டர், கணக்குப்பிள்ளை அல்ல. அதையும் துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள்.

நூலகவாசி

முதல் பதிவில் "அவ்வளவுதான்" என்று நான் எழுதிய வரிசையில் இப்போது சேர்த்துவிட்டேன்: பங்கு 50, சந்தா 25, 1931-இன் பஞ்சு விலை, சங்கம் கலைந்து கூடிய கதை, சியாட்டில். பொதுத்தேர்தலில் அவர் போட்டியிட்டது, பின்னாளில் கூட்டுறவு மருத்துவக் கூட்டமைப்புக்குத் தலைமையேற்றது பற்றி விவரம் வைத்திருப்பவர்கள் இதன் கீழேயே தொடரலாம்.